மிதிவண்டி முதல் சூரியப் பலகை வரை: களத்தில் மருத்துவப் படமெடுப்பும் அதற்கான மின்சாரமும்

ஆய்வுப் பொருள்

மின்கம்பி எட்டாத ஊர்களில் இன்று சூரியப் பலகையையும் லித்தியம் பேட்டரியையும் கொண்டு மார்பு எக்ஸ்-கதிர்ப் படமும் மீயொலிப் படமும் எடுக்க முடிகிறது. இதைச் சூரிய மின்கலத்தின் சாதனையாகச் சொல்வது வழக்கம். நூற்றிருபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் முன்னுக்கு வருகிறது. படமெடுக்கும் கருவியின் மின்தேவை படிப்படியாகக் குறைந்துவந்தது. அது போதிய அளவு குறைந்த பிறகே சூரியன் அதற்குப் பயன்பட்டது. இக்கட்டுரை அந்தக் குறைவின் தடத்தைப் பின்தொடர்கிறது.

1. தசையும் எந்திரமும்: 1897–1918

ரோன்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திராஹ் படையெடுப்பில், ராணுவ மருத்துவர் வால்டர் பீவர் மலைப்பகுதிக்குக் கருவியைக் கொண்டுசென்று வீரர்களின் உடலில் தங்கிய குண்டுகளைத் தேடினார். 1898இல் சூடானில், நைல் கரையில் இருந்த அபாதியா மருத்துவ முகாமில், ஜான் பாட்டர்ஸ்பி இருவர் மிதிக்கும் மிதிவண்டியை டைனமோவுடன் இணைத்தார். அந்த மின்சாரம் சேமிப்பு மின்கலங்களில் ஏற்றப்பட்டு, பின்னர் கருவிக்குப் போனது. பாலைவன வெப்பத்திலிருந்து கருவிகளைக் காக்க அவற்றின் பெட்டிகளை ஈரக் கம்பளியால் மூடி வைத்தார்கள்.

1914இல் மேரி கியூரி மோட்டார் வண்டிகளில் எக்ஸ்-கதிர்க் கருவிகளை ஏற்றிப் பிரெஞ்சுப் போர்முனைக்கு அனுப்பினார். ‘சின்னக் கியூரிகள்’ என்று பெயர்பெற்ற அந்த வண்டிகள் சுமார் 20. அவற்றில் டைனமோவைச் சுழற்றியது வண்டியின் எந்திரம். மனித உழைப்பு குறைந்தது. ஆனால் எரிபொருள் கிடைக்கும் இடம் வரைதான் அந்த வண்டிகள் போக முடிந்தது.

2. திறன் வேறு, ஆற்றல் வேறு

எக்ஸ்-கதிர்க் குழாயில் மோதும் எலக்ட்ரான்களின் ஆற்றலில் 1 விழுக்காட்டுக்கும் குறைவே கதிராகிறது, மற்றதெல்லாம் வெப்பம். நோயாளி மூச்சை அடக்கி நிற்கும் நேரத்துக்குள் படம் முடியவேண்டும் என்பதால், மருத்துவமனைக் கருவிகள் நொடியின் சிறு பகுதியில் பல பத்து கிலோவாட் திறனை இழுக்கின்றன. மொத்த ஆற்றலோ மிகச் சொற்பம். 70 கிலோவோல்ட்டில் 5 மில்லிஆம்பியர்-நொடி அளவில் எடுக்கும் ஒரு படத்துக்குக் குழாயில் செலவாவது 350 ஜூல், அதாவது ஏறத்தாழ 0.1 வாட்-மணி.

ஆகவே தேவைப்பட்டது பெரிய மின்நிலையம் அன்று; மெல்லச் சேர்த்து நொடியில் கொடுக்கும் சேமிப்பு. சிற்றூற்றின் நீரைத் தொட்டியில் தேக்கி ஒரே மடையில் திறப்பதைப் போன்றது இது. பாட்டர்ஸ்பியின் சேமிப்பு மின்கலங்களுக்குப் பின்னால் இருந்ததும் இந்த அறிவுதான். உலக சுகாதார நிறுவனம் 1980களில் முன்வைத்த அடிப்படைக் கதிர்ப்பட அமைப்பும், நிலையற்ற மின்வழங்கலுக்கு ஈடுகொடுக்கப் பேட்டரியையே நம்பியது.

3. சூரியன் காத்திருந்த காலம்

1954இல் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய சிலிக்கான் சூரிய மின்கலத்தின் செயல்திறன் சுமார் 6 விழுக்காடு. 1958இல் வான்கார்ட்-1 செயற்கைக்கோளில் சூரிய மின்கலம் விண்ணுக்குச் சென்றது. 1980களில் கிராமச் சுகாதார நிலையங்களின் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளைச் சூரியப் பலகைகள் இயக்கின. படமெடுப்புக்கு அப்போது சூரிய மின்சாரம் எளிதில் வரவில்லை. கருவி கனமாக இருந்தது, பலகையின் விலை அதிகம், படச்சுருளுக்கு இருட்டறையும் வேதிக்கரைசலும் ஓடும் நீரும் வேண்டியிருந்தன.

அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1983இல் ஃபூஜி நிறுவனம் எண்மக் கதிர்ப்படத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991இல் லித்தியம்-அயான் பேட்டரி விற்பனைக்கு வந்தது. பலகையின் விலை, 1970களோடு ஒப்பிட்டால், நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

4. கைக்கு வந்த கருவி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதியில் உருவான சோனோசைட் மீயொலிக் கருவி 1999இல் வெளிவந்தது. எடை சுமார் 2.4 கிலோ. 2010இல் சட்டைப் பையில் அடங்கும் வி-ஸ்கேன் என்ற மீயொலிக் கருவி வந்தது. எக்ஸ்-கதிரில், 2018இல் ஜப்பானில் வெளியான ஃபூஜியின் எக்ஸ்-ஏர் 3.5 கிலோ எடையில், ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 100 படங்கள் எடுத்தது. மார்புப் படங்களில் காசநோய் அறிகுறியைக் கண்டறியக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 டிசம்பரில் இந்தியா தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவிகள் ஊர் ஊராகச் சென்றன.

5. ஒரு நாள் முகாமின் கணக்கு

100 வாட் பலகை 5 மணி நேர முழு வெயிலில் 500 வாட்-மணி தரும். இழப்பில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் சுமார் 330 மிஞ்சும். 100 படங்களுக்குக் குழாயில் ஆகும் செலவு 10 வாட்-மணி. மாற்றிகளின் இழப்பைச் சேர்த்து மூன்று மடங்காக்கினாலும் 30தான். படங்களைப் பார்க்கவும் மென்பொருளை இயக்கவும் வைத்திருக்கும், 40 வாட் இழுக்கும் மடிக்கணினியோ 6 மணி நேரத்தில் 240 வாட்-மணியைத் தின்றுவிடும். முகாமின் மின்சாரத்தைத் தீர்மானிப்பது கதிர்க் குழாய் அல்ல, கணினி. கருவி வாங்கும் திட்டங்களில் இந்த உண்மை முதலில் எழுதப்படவேண்டும்.

வெப்பம் இன்னொரு கணக்கு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பலகையின் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். 60 டிகிரியில் 14 விழுக்காடு போய்விடும். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்கு மின்னேற்றுவதைத் தவிர்க்கவேண்டும். பலகை வெயிலிலும் பேட்டரி நல்ல நிழலிலும் இருப்பது கட்டாயம்.

6. மின்சாரத்துக்கு அப்பால்

திறந்தவெளியில் கதிரைத் தடுக்கச் சுவர் இல்லை. தொலைவு இரட்டித்தால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகும் என்பதால், ஆட்களைத் தள்ளி நிறுத்துவதும் கதிரை மக்கள் நடமாடாத திசையில் செலுத்துவதும் இன்றியமையாதவை. மீயொலியில் கதிர்வீச்சு இல்லை. ஆயினும் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் எடுத்துச்செல்லும் மீயொலிக் கருவிக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பெண் குழந்தைகளைக் காக்கும் அந்தக் கட்டுப்பாடு தேவையானது. அதற்கு உட்பட்டே களப்பணியைத் திட்டமிடவேண்டும்.

முடிவுரை

கருவி சிறுத்தது, படம் எண்மமானது, பேட்டரி இலேசானது. முதலிரண்டும் மின்தேவையைக் குறைத்து, பேட்டரி அதை எளிதாகச் சுமக்க உதவிய பிறகே ஒற்றைப் பலகை போதுமானதாயிற்று. எனவே பெரிய பலகை வாங்குவதைவிட, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கணினியையும், பேட்டரியைப் பராமரிக்கவும் மக்களைக் கதிரிலிருந்து காக்கவும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரையும் ஒவ்வொரு குழுவுக்கும் தருவதே அரசுகள் செய்யவேண்டிய முதல் செலவு. மின்சாரம் இல்லை என்பதற்காக ஒரு காசநோயாளி கண்டறியப்படாமல் போவதற்கு இனித் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.