மூணாவது ஓனர் கையில: ஒரு பழைய டெலஸ்கோப்பின் கதை

வானியல் பத்தி எப்போ பேசினாலும் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "புரோ, செகண்ட் ஹேண்ட்ல டெலஸ்கோப் வாங்கலாமா? ஏமாந்துட மாட்டோமே?" இந்த எபிசோட்ல அதுக்கு வரலாற்றில இருந்து ஒரு பதில். ரெண்டு தடவை கை மாறி, "இது வேலைக்கு ஆகாது"ன்னு ஒதுக்கப்பட்டு, அப்புறம் பிரபஞ்சத்தைப் பத்தின நம்ம கணக்கையே மாத்தின ஒரு தொலைநோக்கியின் கதை.

முதல் ஓனர்

ஆண்ட்ரூ காமன் தொழில்முறை வானியலாளர் கிடையாது. கழிவுநீர், சுகாதாரம் சம்பந்தப்பட்ட பொறியாளர். லண்டன் பக்கத்துல ஈலிங்ல வீடு. 1879-ல அங்கேயே 36 அங்குலக் கண்ணாடி வைத்த ஒரு பிரதிபலிப்புத் தொலைநோக்கியை நிறுவினார். கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 91 சென்டிமீட்டர் அகலம், ஒரு சின்ன டைனிங் டேபிள் அளவு. கண்ணாடியைச் செய்து கொடுத்தவர் ஜார்ஜ் கால்வர்.

1883-ல காமன் இதை வைத்து ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில பதிவாகியிருந்தன. அடுத்த வருடமே ராயல் அஸ்ட்ரோனாமிகல் சொசைட்டியின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இவ்வளவுக்கும் அவர் ஒரு அமெச்சூர்!

அப்புறம் ஏன் விற்றார்? நம்ம எல்லாருக்கும் இருக்கிற அதே வியாதிதான். இன்னும் பெருசு வேணும். 60 அங்குலத்துக்கு ஆசைப்பட்டு, 1885-ல இதைக் கைமாத்தி விட்டார்.

ரெண்டாவது ஓனர்

வாங்கியவர் எட்வர்ட் கிராஸ்லி. யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊர்ல பெரிய கம்பளத் தொழிற்சாலைக் குடும்பம். காசு இருக்கு, ஆர்வம் இருக்கு, கருவியும் வந்தாச்சு. ஆனா வானம் ஒத்துழைக்கல. மேகமும் ஆலைப் புகையும் சூழ்ந்த ஊர்ல 36 அங்குலக் கண்ணாடி என்ன செய்யும்? 1895-ல கலிஃபோர்னியாவின் ஹாமில்டன் மலையில இருக்கிற லிக் வானாய்வகத்துக்கு அதை அன்பளிப்பாகவே கொடுத்துட்டார். கப்பல்ல கொண்டு வர்ற செலவுக்கு நன்கொடை திரட்டினாங்க.

மூணாவது ஓனர்

லிக்ல ஏற்கெனவே அதே 36 அங்குலத்துல ஒரு லென்ஸ் தொலைநோக்கி 1888-ல இருந்து ஓடிட்டு இருந்தது. அன்னைக்கு உலகத்திலேயே பெருசு. அதுக்குப் பக்கத்துல இந்தப் பழைய சாமானை யார் தொடுவாங்க?

இயக்குநர் எட்வர்ட் ஹோல்டன், வில்லியம் ஹஸ்ஸி என்ற வானியலாளர்கிட்ட இந்த வேலையைக் கொடுத்தார். ஸ்டாண்ட் ஆடுது, இதுல ஒழுங்கா வேலை செய்ய முடியாதுன்னு ஹஸ்ஸி மறுத்தார். ஹோல்டன் மேல ஊழியர்களுக்கு ஏற்கெனவே கோபம். இந்தச் சண்டையும் சேர்ந்து, 1897-ல ஹோல்டன் பதவியை விட்டே போக வேண்டியதாச்சு.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. ஹஸ்ஸி சொன்னது பொய் இல்லை. டெலஸ்கோப்பைத் தாங்குற மவுண்ட்ல ஒரு அச்சு பூமியின் அச்சுக்கு இணையா இருக்கணும். அதாவது அதோட சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமா இருக்கணும். இது இங்கிலாந்துக்காகச் செய்தது. ஹாலிஃபாக்ஸ் 53 டிகிரிக்கு மேல. லிக் 37 டிகிரி. கண்ணாடி அருமை, கால்தான் தப்பு.

1898-ல புது இயக்குநரா வந்தவர் ஜேம்ஸ் கீலர். அவர் நினைத்திருந்தா பெரிய லென்ஸ் கருவியைத் தனக்கு வச்சிருக்கலாம். ஆனா எல்லாரும் வெறுத்த கிராஸ்லியை எடுத்துக்கிட்டார். லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் வேற வேற இடத்தில குவிக்கும். கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில குவிக்கும். மங்கலான பொருளைப் படம் எடுக்க அதுதான் சரி. ஸ்டாண்டைத் திருத்தினார், ஒவ்வொரு குறையா சரி செய்தார், மணிக்கணக்கா எக்ஸ்போஷர் வைத்தார்.

1888-ல வந்த என்ஜிசி பட்டியல்ல நட்சத்திரக் கூட்டம், நெபுலா எல்லாம் சேர்த்தே 7,840 பொருள்கள்தான். கீலர் தன் படங்களைப் பார்த்துட்டு, இந்த ஒரு கருவிக்கு எட்டுற தூரத்திலேயே 1,20,000 நெபுலாக்கள் இருக்கணும், அதில பெரும்பாலானவை சுருள் வடிவம்னு கணக்கு சொன்னார். அந்தச் சுருள்கள் நம்ம பால்வீதிக்கு வெளியே இருக்கிற தனித்தனி விண்மீன் மண்டலங்கள்னு உறுதியானது 1920-கள்ல. கீலர் அதைப் பார்க்கல. 1900 ஆகஸ்ட்ல, 42 வயசிலேயே இறந்துட்டார்.

கருவி நிக்கல. அதே கிராஸ்லியில சார்லஸ் பெரைன் 1904-ல ஹிமாலியா, 1905-ல எலாரா என்ற வியாழனின் நிலவுகளைக் கண்டுபிடித்தார்.

நம்ம ஊர் பக்கம்

காமன் தயாரித்த இன்னொரு கண்ணாடி, 20 அங்குலம், இந்தியாவுக்கே வந்தது. பாவ்நகர் மகாராஜாவின் ஆதரவில புனேயில உருவான வானாய்வகத்துக்கு. அதை நடத்தியவர் காவஸ்ஜி நேகம்வாலா. 1912-ல அவர் ஓய்வு பெற்றதும் ஆய்வகத்தை மூடிட்டாங்க. தொலைநோக்கி நம்ம கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. பல வருடம் இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான். ஆக, செகண்ட் ஹேண்ட் கருவி நமக்கும் புதுசு இல்லை.

சரி, வாங்கலாமா?

வாங்கலாம். ஆனா கீலர் மாதிரி பாருங்க. கண்ணாடி மேல தூசியோ மங்கலோ இருந்தா பயப்படாதீங்க, பூச்சை மறுபடி போடலாம். லென்ஸுக்குள்ள பூஞ்சை படர்ந்திருந்தா யோசிங்க, கடலோர ஊர்கள்ல அது சகஜம். "500 மடங்கு பெரிதாக்கும்"னு அட்டையில போட்டிருந்தா கண்டுக்காதீங்க. முகப்பு லென்ஸ் அல்லது முதன்மைக் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு மடங்குதான் உச்சவரம்பு.

எல்லாத்துக்கும் மேல, ஸ்டாண்டைக் கையால தட்டிப் பாருங்க. பிம்பம் எத்தனை நொடி ஆடுதுன்னு எண்ணுங்க. வடக்கே இருந்து வந்த ஈக்குவட்டோரியல் மவுண்ட்னா, சாய்வை 13 டிகிரிக்கு இறக்க முடியுதான்னும் பாருங்க. சென்னை அட்சரேகை அதுதான். சில மவுண்ட்கள் அவ்வளவு கீழ இறங்காது. ஹஸ்ஸியோட புகார் இன்னைக்கும் செல்லும்.

கடைசியா விக்கிறவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ஏன் விக்கிறீங்க?" காமன் மாதிரி பெருசுக்குப் போறாரா, கிராஸ்லி மாதிரி வானம் தெரியாத ஊர்ல இருக்காரா? அப்படின்னா தைரியமா வாங்குங்க. ஆனா உங்க மொட்டை மாடியில வானம் தெரியுமான்னு அதுக்கு முன்னாடியே ஒரு ராத்திரி போய் நின்னு பாத்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.