ஹேங் ஆன சிஸ்டங்கள்: மன்னார்குடிப் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸின் கதை

கம்ப்யூட்டர் ஹேங் ஆவதற்கு வைரஸ், சூடு, ரேம் பற்றாக்குறை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எளிதில் கண்ணில் படாதது ஹார்ட் டிஸ்க் டிரைவர். விண்டோஸ் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசுவதில்லை. டிரைவர் என்ற சிறு மென்பொருள் வழியாகத்தான் எழுதும், படிக்கும். அது தடுமாறினால் கேட்ட கோப்பு வராது. அந்தக் கோப்புக்காக மற்ற வேலைகளும் காத்துக் கிடக்கும். மவுஸ் அம்பு மட்டும் நகரும், டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், கிளிக் செய்த எதுவும் திறக்காது.

மன்னார்குடி போன்ற டெல்டா ஊர்களில் 1990களின் கடைசியில் டிடிபி கடைகளும் பயிற்சி மையங்களும், பின்னாலேயே பிரவுசிங் சென்டர்களும் வந்தன. அவற்றோடு சர்வீஸ் தொழிலும் வளர்ந்தது. பெரும்பாலானவை அசெம்பிள் செய்த சிஸ்டங்கள். பாகங்கள் திருச்சியிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வரவேண்டும். பல பத்தாண்டுகள் ரயிலே இல்லாதிருந்த மன்னார்குடிக்கு 2011 செப்டம்பரில்தான் மறுபடி ரயில் வந்தது. அதுவரை பஸ்ஸும் லாரி பார்சலும்தான். ஆகவே கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்வதே வழக்கமாயிற்று. அந்த வழக்கத்துக்குப் பெயர் ‘ஃபார்மேட்’: டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது.

விண்டோஸ் 95, 98 காலத்தில் மதர்போர்டோடு ஒரு சிடி வரும். அது தொலைந்துபோனால் சிப்செட்டுக்கு உரிய டிரைவரும் போனது மாதிரிதான். சரியான டிரைவர் கிடைக்காத விண்டோஸ் பழைய டாஸ் வழியிலேயே டிஸ்க்கை ஓட்டும், சிஸ்டம் நத்தையாகிவிடும். மலிவு விலை போர்டுகளில் அதிகம் இருந்த வியா நிறுவனச் சிப்செட்டில் வேறொரு சிக்கலும் இருந்தது. அதன் 686பி என்ற சிப்பில், பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது தகவல் சிதைவதும் சிஸ்டம் உறைவதும் 2001இல் உலகெங்கும் புகாராக எழுந்தன. வியா புதிய டிரைவர் தொகுப்பையும் போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸையும் வெளியிட்டன. டயல்-அப் இணைப்பில் அவற்றை இறக்குவது பொறுமைசாலிகளின் வேலை.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் காலம்தான் இந்த வரலாற்றில் மிகச் சுவையானது. டிஸ்க்கிலிருந்து தகவல் நினைவகத்துக்குப் போக இரண்டு வழிகள். டிஎம்ஏ வழியில் தகவல் தானே நேராகப் போய்ச் சேரும். பிஐஓ வழியில் பிராசசரே ஒவ்வொரு துணுக்கையும் சுமக்க வேண்டும். டிஸ்க்கில் ஆறு முறை பிழை சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி குறைக்கும். பிழை தொடரத் தொடரக் கடைசியில் பிஐஓவுக்கே இறங்கிவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதைப் பயனருக்குச் சொல்லாது, தானாக மேலேறவும் செய்யாது. பிழைக்குக் காரணம் பல நேரம் சாதாரணமானது: 80 கம்பி கேபிள் இருக்கவேண்டிய இடத்தில் பழைய 40 கம்பி கேபிள், தளர்ந்த முனை, டிஸ்க்கில் கெட்டுப்போன ஒரு சிறு பகுதி (பேட் செக்டர்). 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களை வாட்டிய மின்வெட்டும் இதில் சேர்ந்துகொண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் செக்டர் கெடலாம். யுபிஎஸ் பேட்டரியோ பாதி நாள் சார்ஜ் ஏறாமலே கிடக்கும்.

இங்கேதான் ஃபார்மேட்டின் பெருமை புரியும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பிழைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், டிஎம்ஏ திரும்பும், சிஸ்டம் பறக்கும். வாடிக்கையாளர் மகிழ்ந்து காசு கொடுப்பார். கேபிள் மட்டும் அப்படியே இருப்பதால் சில மாதத்தில் அதே நோய் வரும், மறுபடி ஃபார்மேட். திருமண அழைப்பிதழ் வடிவங்களும் கணக்குக் கோப்புகளும் இப்படி அநாவசியமாக அழிந்தன. உண்மையான வைத்தியம் ஐந்து நிமிட வேலை: டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் இணைப்பான பிரைமரி ஐடிஇ சேனலை நீக்கி, சிஸ்டத்தை அணைத்துக் கேபிளை மாற்றி, மறுபடி ஆன் செய்வது. நல்ல சர்வீஸ்காரருக்கு இது தெரியும். அவர் முதலில் திறப்பது சிடி உறையை அல்ல, கேபினட்டை.

ஐடிஇக்குப் பதில் சாட்டா என்ற புதிய இணைப்பில் டிஸ்க் வந்ததும் கேபிள் தொல்லை குறைந்து, வேறு தொல்லை முளைத்தது. சாட்டாவின் புதிய முறையான ஏஹெச்சிஐக்கு எக்ஸ்பி சிடியில் டிரைவர் இல்லை. நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்கவேண்டும். தராவிட்டால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை. லேப்டாப்பில் ஃபிளாப்பியே கிடையாது. ஆகவே பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றி எக்ஸ்பியைப் போட்டுக் கொடுப்பதே நடைமுறையாக இருந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப் திட்டம் பிளஸ் டூ மாணவர் வீடுகளுக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுசென்றபோது, சர்வீஸ் மேசையில் கேபினட் குறைந்து லேப்டாப் நிறைந்தது.

விண்டோஸ் 10 வந்தபின் ‘டிஸ்க் 100 சதவீதம்’ என்பதே புகாரின் பெயர். சில லேப்டாப்களில் அதற்குக் காரணம், விண்டோஸோடு வரும் ஸ்டோர்ஏஹெச்சிஐ டிரைவரோடு ஓடும்போது வெளிப்படும் டிஸ்க் சாதனத்தின் ஃபர்ம்வேர் பிழை. கேட்ட வேலையைச் சாதனம் முடிக்காமல் நிற்க, சிறிது நேரம் எல்லாம் உறையும். ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண் பதிவாகும். ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஐ என்ற அமைப்பை அணைக்கும்படி மைக்ரோசாஃப்டே வழி சொன்னது.

எஸ்எஸ்டி மாற்றுவது இப்போது எல்லாவற்றுக்கும் பொதுமருந்தாகியிருக்கிறது; பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனாலும் 2020க்குப் பின் வந்த இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் நிறுவ உட்கார்ந்தால் டிஸ்க்கே திரையில் தெரியாது. இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் வைத்துக் கொடுத்தபிறகே அது தெரியும்.