கரணமும் சட்டமும்: தன்பாலின இணையரின் திருமண உரிமை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருமணம் தொன்றுதொட்டு மாறாதது என்பது தன்பாலின இணையரின் திருமண உரிமையை மறுப்போர் கூறும் முதன்மையான காரணமாகும். ஆனால், ஏமாற்றும் தவறும் தலைகாட்டிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்னும் செய்தியைத் தொல்காப்பியக் கற்பியல் தருகிறது. அந்நூல் பேசுவது கிழவன் கிழத்தியர் மணத்தையே. ஆயினும், மணமுறை காலத்தின் தேவையால் உருவானது என்பது இதனால் பெறப்படும். அண்மைக்கால இந்தியச் சட்ட வரலாறும் இதனை வலியுறுத்துவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுயமரியாதைத் திருமணம்

1920களின் இறுதி முதல் புரோகிதரும் வைதிகச் சடங்கும் இன்றிச் சுயமரியாதைத் திருமணங்கள் நடைபெற்றன. உரிய சடங்கு இல்லை, நெடுங்கால வழக்கு என்னும் தகுதியும் இல்லை என்று கூறி, 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது என்றது. ஊரறிய இணைந்து வாழ்ந்தோரின் மக்களுக்குரிய வாரிசுரிமையும் இதனால் ஐயத்திற்கு உள்ளாயிற்று. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாள் முதலே செல்லும் என அது அறிவித்தது. நீதிமன்றம் மறுத்ததைச் சட்டமன்றம் வழங்கியது.

சட்டச் சொற்கள்

1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ‘எவரேனும் இருவர்’ என்றே தொடங்குகிறது. எனினும், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என அப்பிரிவு வயது வரையறுப்பதால் அச்சொல்லின் பொருள் சுருங்குகிறது. இதற்கு மாறாக, இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என 2019இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. சட்டச் சொல்லின் பொருள் விரிவடையக்கூடியது என்பதற்கு இது சான்றாகும்.

2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு

தன்பாலின உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018இல் அறிவித்தது. ஆயினும், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையன்று என 2023 அக்டோபர் 17 அன்று அதன் ஐவர் அமர்வு கூறியது. திருமண ஏற்பைச் சட்டமியற்றும் அவைகளின் முடிவுக்கு விட்டது. மறுஆய்வு மனுக்கள் 2025 சனவரியில் தள்ளுபடியாயின. அதே ஆண்டு மே மாதத்தில், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ஆயினும், மணத்தின் வழி வரும் வாரிசுரிமையும் குடும்ப ஓய்வூதிய உரிமையும் இணையருக்கு இன்னும் கிட்டவில்லை.

ஒப்பீடு

இவ்விரு வரலாறுகளுக்கும் வேறுபாடு உண்டு. 7அ பிரிவு மணமுறையை மாற்றியதேயன்றி மணப்போரை மாற்றவில்லை. கணவன், மனைவி என்னும் சொற்களை அது பேணியது. மேலும், சுயமரியாதை மணத்தின் பின்னால் பேரியக்கம் ஒன்று இருந்தது. ஆட்சியதிகாரமும் பின்னர் வாய்த்தது. எண்ணிக்கையில் சிறியதான தன்பாலினச் சமூகத்திற்கு அத்தகைய அரசியல் வலிமை இல்லை. பெரும்பான்மையின் இசைவை எதிர்பார்க்குமாறு சிறுபான்மையினரைப் பணிப்பதன் இடர்ப்பாடு இதுவே. எனினும், திருமணம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே, 7அ பிரிவைப் போலக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலமும் திருத்தம் செய்ய இயலும்.

முடிவுரை

வழக்கில் இல்லை என்பது உரிமையை மறுக்கப் போதிய காரணமாகாது என்பதே 1953 முதல் 1967 வரையிலான வரலாறு காட்டும் உண்மை. மறுக்கப்பட்ட ஒரு மணமுறை பதினான்கு ஆண்டுகளில் சட்டமாயிற்று. அக்காலத்தில் வாரிசுரிமை வழக்குகளில் சிக்கிய குடும்பங்களுக்கு அவ்விடைவெளி சிறிதன்று. இன்று காத்திருக்கும் இணையருக்கும் அது சிறிதன்று.