திருட்டுத்தனமா உள்ளே வந்த பசங்க

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாவது படிக்கிற அக்கா பையன் லேப்டாப்பில் ஒரு ஆரஞ்சுப் பூனையை இங்கேயும் அங்கேயும் ஓட விட்டுக்கிட்டு இருந்தான். ஸ்க்ராட்ச். திடீர்னு, "மாமா, இதுக்கு ஏன் ஸ்க்ராட்ச்னு பேரு?"ன்னான். பூனை பிராண்டும்ல, அதனாலதான்னு அடிச்சு விட்டேன். ஹி ஹி. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா சொன்னது தப்பு. தேடப்போன இடத்தில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு. ஆபீஸ்ல ஆணி குறைவா இருக்கும்போதே எழுதிடறேன்.

பூனைக்கும் பேருக்கும் சம்பந்தமில்லை. 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் ஹிப்ஹாப்பை உருவாக்கினாங்க. இசைத்தட்டைக் கையால முன்னும் பின்னும் தேய்ச்சு, இருக்கிற பாட்டிலிருந்தே புது சத்தம் கொண்டு வருவாங்க. அந்தத் தேய்ப்புக்குப் பேர்தான் ஸ்க்ராட்ச். சரி, எம்.ஐ.டி. ஆட்கள் ஏன் அங்கேபோய்ப் பேரை எடுத்தாங்க?

அதுக்கு 1989 டிசம்பருக்குப் போகணும். பாஸ்டன் நகரில் கம்ப்யூட்டர் மியூசியம்னு ஒன்று இருந்தது. விடுமுறை வாரத்தில் பத்துப் பதினோரு வயசுப் பசங்க நாலு பேர் உள்ளே வர்றாங்க. பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ்ல பேசுற பசங்க. அங்கே வேலை பார்த்த நாட்டலி ரஸ்க், லெகோ கட்டைகளையும் அதை ஆட்டுவிக்கிற லோகோ மொழியையும் மேசையில் எடுத்து வெச்சிருந்தார். பசங்க கேட்டாங்க, அவரும் தொட விட்டார். அவ்வளவுதான், மறுநாளும் வந்தாங்க, அதுக்கு மறுநாளும் வந்தாங்க. கட்டினாங்க, புரோகிராம் எழுதினாங்க.

விடுமுறை முடிஞ்சது, லெகோவை எடுத்து வெச்சாச்சு. பசங்க மட்டும் திரும்பத் திரும்ப வந்தாங்க. அவங்களுக்குன்னு அங்கே எதுவுமில்லை. கொஞ்ச நாள்ல மியூசியம் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வருது: சில பசங்க இங்கேயே சுத்துறாங்க, ஒரு கண் வெச்சுக்கோங்க. அதே நாலு பேர்தான். மேசையில் லெகோ இருந்தவரை ஆர்வமுள்ள மாணவர்கள். எடுத்து வெச்சதும் காவலாளி விரட்ட வேண்டிய ஆட்கள். பசங்க மாறவே இல்லை.

ரஸ்க்கும் எம்.ஐ.டி. மீடியா லேபின் மிட்செல் ரெஸ்னிக்கும் இந்தப் பசங்களை அனுப்ப வேற இடம் இருக்கான்னு தேடினாங்க. பெரும்பாலும் கேம் விளையாட்டு, இல்லேன்னா டைப்பிங் மாதிரி வகுப்புகள்தான் கண்ணுல பட்டது. முன்னோடிகளே இல்லைன்னு சொல்ல முடியாது. கணக்கு டீச்சரா இருந்த அன்டோனியா ஸ்டோன் 1983-லேயே நியூயார்க்கின் ஹார்லெமில், ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில், பொதுமக்களுக்காகக் கம்ப்யூட்டர் மையம் திறந்திருந்தார். ஆனா பசங்க தானே யோசிச்சு எதையாவது உருவாக்குற இடம் அரிது.

1993-ல் அதே மியூசியத்துக்குள்ளேயே 'கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்' திறந்தாங்க. ரஸ்க், ரெஸ்னிக்கோட ஸ்டினா குக்கும் சேர்ந்தார். கட்டணம் கிடையாது. வந்தவங்களில் பெரும்பாலானவர்கள் வசதி குறைந்த பகுதிகளின் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். பாடத்திட்டம், பரிட்சை எதுவும் கிடையாது. தொழில்முறை ஆட்கள் பயன்படுத்துற போட்டோஷாப், டைரக்டர் மாதிரி மென்பொருட்களையே கொடுத்தாங்க. படம் வரையலாம், பாட்டு போடலாம், ரோபோ கட்டலாம். நடுவில் கம்ப்யூட்டரே இல்லாத ஒரு பெரிய பச்சை மேசை. சும்மா உட்கார்ந்து பேச, வரைய, அரட்டை அடிக்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மேசைதான்.

இதுக்குப் பின்னாடி இருந்தவர் சீமோர் பேப்பர்ட். பிள்ளைகள் ஒன்றைத் தானே கட்டும்போதுதான் ஆழமாக் கற்கிறாங்கன்னு சொன்னவர். லோகோவை உருவாக்கியவர்களில் ஒருத்தர். 'வசதியில்லாத பசங்களுக்கு முதல்ல அடிப்படையைக் கத்துக்கொடு, கலையெல்லாம் அப்புறம்' என்ற நினைப்பைத்தான் கிளப்ஹவுஸ் தலைகீழாப் புரட்டியது.

1999-ல் மியூசியமே மூடப்பட்டது. கிளப்ஹவுஸ் பாஸ்டன் அறிவியல் மியூசியத்துக்கு இடம் மாறிப் பிழைச்சுது. 2000-ல் இன்டெல் கைகொடுக்க, பல நாடுகளுக்குப் பரவி எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பெரிய கம்பெனி காசில் ஓடுற எதுக்கும் உள்ள ஆபத்து இதுக்கும் உண்டு, மறுக்கலை.

இப்ப பூனைக்கு வருவோம். கிளப்ஹவுஸ் பசங்க படம், இசை எல்லாம் செஞ்சாலும் அவங்க விரும்புற மாதிரி அனிமேஷன், கேம் எல்லாம் புரோகிராம் பண்ண எளிய கருவி இல்லை. அதனால ரெஸ்னிக் குழு 2003 வாக்கில் ஸ்க்ராட்ச் வேலையை ஆரம்பிச்சாங்க, 2007-ல் வெளியிட்டாங்க. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப்ஹவுஸ்ல பதினெட்டு மாசத்தில் சேர்ந்த 536 ஸ்க்ராட்ச் வேலைகளை ஆய்வாளர்கள் அலசினாங்க. வகுப்பு எடுக்காமலே லூப், கண்டிஷன் எல்லாம் பசங்க பயன்படுத்தியிருந்தாங்க. நாங்க காலேஜ்ல ரெண்டு செமஸ்டர் முக்கினது இதைத்தான் மக்கா!

எங்க ஸ்கூல் லேப் ஞாபகம் வருது. செருப்பை வெளியே விடணும், ஒரு பொட்டிக்கு மூணு பேர், "எதையும் தொடாதே" என்பதுதான் முதல் பாடம். மத்த நேரம் பூட்டு. பூட்டினது கம்ப்யூட்டரைக் காப்பாத்தத்தான், எங்க நல்லதுக்குன்னுதான் அப்ப நினைச்சேன். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினவங்க ரெண்டு மூணு பேர் உண்டு. நான் தள்ளி நின்ன நல்ல பையன். இன்னிக்கு நான் இந்த வேலையில இருக்கேன். எட்டிப் பார்த்தவன் எங்கே இருக்கான்னு தெரியலை.

அக்கா பையனுக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்புடா, இதான் கதைன்னு சொன்னேன். முழுசும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "அந்த நாலு பேர் மறுபடி உள்ளே போனாங்களா மாமா?"

உங்க ஸ்கூல் லேப் கதையைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.