மிஷின் குஞ்சுக்கு அம்மா யாரு?

போன வருஷம் மிஷின்ல பொரிச்ச குஞ்சு 40 வாங்கினேன். பயத்துல முதல் நாளே ஆன்டிபயாடிக் கலந்த தண்ணி வச்சேன். 11 தான் மிஞ்சுச்சு.

அப்புறம்தான் பின்லாந்து கதையைப் படிச்சேன். 1971-ல் அங்கே கறிக்கோழிகளில் சால்மோனெல்லா கிருமி பரவியது. மிஷின் குஞ்சுக்குத் தாயின் எச்சத்தைக் கொத்த வழியில்லை. குடலில் நல்ல கிருமி சேராததால் கெட்டது சுலபமா குடியேறுது. நூர்மி, ரன்டாலா என்ற இருவர் வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைக் குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பெரும்பாலானவற்றைக் கிருமி அண்டவில்லை. 1973-ல் அதை வெளியிட்டார்கள். புரோபயாட்டிக்னு இப்போ கடையில விக்கிறதும் இதே கணக்குதான்.

ஆன்டிபயாடிக் கெட்டதோட நல்லதையும் கொல்லும். மனுஷனுக்குக் கடைசி மருந்தான கொலிஸ்டினைக் கால்நடைக்குத் தர 2019-ல் நம்ம அரசு தடை போட்டது.

இப்போ வாங்கின குஞ்சுகளை ராத்திரியில அடைக்கோழி இறக்கைக்குள்ள நுழைச்சு விடறேன். நோய் வந்தாதான் டாக்டரும் மருந்தும்.