நகரசபையும் சிறு பட்டறைகளும்: மொடேனா தரும் பாடம்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கோயில்களையும் ஆண்டோரையும் பற்றியே எழுதி வந்துள்ளனர். அந்நகரங்களில் இரும்பைக் கடைந்தோர், துணி தைத்தோர், பலகை அறுத்தோர், சிறு கடை வைத்துப் பிழைத்தோர் ஆகியோர் எவ்வாறு நிலைத்தனர், எவ்வாறு அழிந்தனர் என்னும் வினா வரலாற்றின் ஓரத்திலேயே ஒதுங்கிவிட்டது. ஆயினும், நகரம் உயிர் பெறுவது இவர்களது உழைப்பினாலேயே என்பதை மறுப்பார் இலர்.

உள்ளூர்த் தொழில்கள் நிலைக்கவும் வளரவும் நகர ஆட்சி யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஒன்று உண்டு. வெளியிலிருந்து பெருமூலதனத்தை அழையுங்கள். அதற்கு வரிவிலக்கும் நிலமும் நீரும் கொடுங்கள். அதன் நிழலில் உள்ளூரும் பிழைத்துக்கொள்ளும் என்பதே அவ்விடை. எமது நாட்டில் 1978ஆம் ஆண்டு கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டபோது எமக்குக் கூறப்பட்டதும் இதுவே. இதற்கு நேர்மாறான விடையொன்றை இத்தாலி நாட்டின் எமிலியா-ரொமாஞா பிரதேசத்து நகரங்கள் நடைமுறையிற் காட்டின. பேராசையின்றி, பெருமுழக்கமின்றி, தோல்வியொன்றின் சாம்பலிலிருந்து அவை தொடங்கிய முயற்சியை நாம் நுணுகி நோக்குதல் தகும்.

போ ஆற்றின் சமவெளியில் அமைந்த எமிலியா, கூலி விவசாயிகளும் வாரக் குடியானவர்களும் நிறைந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு கூட்டுறவுச் சங்கங்கள் வேரூன்றின. 1920க்கும் 1922க்கும் இடையில் பாசிசக் குண்டர்கள் முதலிற் கொளுத்தியவை அச்சங்கங்களின் கட்டடங்களையே. இருபதாண்டு இருளின் பின்னர், மலைகளில் ஆயுதமேந்திப் போராடிய மக்கள் 1945இல் விடுதலையைக் கண்டனர். அதைத் தொடர்ந்து பொலோஞா, மொடேனா, ரெஜ்ஜோ எமிலியா ஆகிய நகரங்களின் ஆட்சி கம்யூனிஸ்டுகளினதும் சோஷலிஸ்டுகளினதும் கைக்கு வந்தது. பொலோஞாவில் ஜுசெப்பே தொட்சாவும் மொடேனாவில் அல்ஃபேயோ கொராசோரியும் மேயராயினர். தொட்சா 1966 வரையும் கொராசோரி 1962 வரையும் அப்பதவியில் இருந்தனர்.

ஆனால், நகரம் கைக்கு வந்ததேயன்றி நாடு கைக்கு வரவில்லை. 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் மத்திய அரசாங்கத்திலிருந்து அகற்றப்பட்டனர். நகரசபையின் வரவுசெலவைக் கண்காணிக்கவும் தடுக்கவும் மத்திய அரசின் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு மாகாணத்திலும் இருந்தார். பெருந்தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கும் அதிகாரம் எந்த மேயருக்கும் இல்லை. கையிலிருந்தவை சில தெருக்களும், சிறிது நிலமும், மக்களின் நம்பிக்கையும் மாத்திரமே.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இப்பிரதேசத்துத் தொழிலாளர் மீது பேரிடி விழுந்தது. போர்க்காலத்தில் விமானங்கள் செய்த ரெஜ்ஜோ எமிலியாவின் றெஜ்ஜானே தொழிற்சாலையில் ஒருகாலத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அமைதி வந்ததும் ஆட்குறைப்பும் வந்தது. 1950இல் தொழிலாளர் ஆலையைத் தம் வசப்படுத்தி, ஏறத்தாழ ஓராண்டு அதனை விடாது இயக்கினர். ‘ஆர் 60’ என்னும் உழவு இயந்திரத்தைத் தாமே செய்து காட்டினர். ஆலை வயலுக்கும் உதவும் என்பதற்கு அவ்வியந்திரமே சான்றாக நின்றது. எனினும் 1951இல் போராட்டம் ஓய்ந்தபோது பெரும்பாலானோர் வேலையை இழந்தனர்.

அயல் நகரான மொடேனாவில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. கதவடைப்புச் செய்யப்பட்டிருந்த வார்ப்பாலையொன்றின் முன்னால் 1950 ஜனவரி 9ஆந் திகதி திரண்ட தொழிலாளர் மீது பொலிசார் சுட்டனர். ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். இறுதி ஊர்வலத்தில் கட்சித் தலைவர் பல்மீரோ தொலியாத்தியும் கலந்துகொண்டார். தொடர்ந்த ஆண்டுகளில் தொழிற்சங்கத்தில் முன்னின்றவர்கள் ஆலைகளிலிருந்து தேடித் தேடி நீக்கப்பட்டனர். அவர்களது பெயரைக் கேட்டதுமே ஏனைய ஆலைகளும் கதவைச் சாத்தின. உருக்கவும் கடையவும் ஒட்டவும் தெரிந்த கைகள் வெறுங்கைகளாய் நின்றன. வேறு நகரத்துக்கோ வேறு நாட்டுக்கோ போவதா, ஊரிலேயே நின்று பிழைப்பதா என்பதே அக்குடும்பங்களின் முன்னிருந்த கேள்வி.

இங்கேதான் நகரசபை முன்வந்தது. 1953இல் கொராசோரியின் நிர்வாகம் நகரின் மேற்குப் புறத்திலே, இருப்புப்பாதையை அடுத்திருந்த விவசாய நிலத்தை விவசாய நிலத்தின் விலைக்கே வாங்கியது. கட்டடக் கலைஞர் மரியோ பூச்சி அதற்கான திட்டத்தை வகுத்தார். நகரசபை தெருவமைத்தது, நீரும் மின்சாரமும் வடிகாலும் கொண்டுவந்தது, பின்னர் நிலத்தைத் துண்டுகளாக்கி, இலாபம் கருதாத விலைக்கு, எளிய தவணைகளில், பட்டறை தொடங்க விரும்பியோருக்குக் கொடுத்தது. கீழே பட்டறை, மேலே வீடு என்ற முறையில் கட்டடங்கள் எழுந்தன. ஆலையிலிருந்து துரத்தப்பட்டவர்களுட் பலர் இங்கே கடைசல் இயந்திரமொன்றை நிறுத்தித் தம் தொழிலைத் தொடங்கினர். ‘கைவினைஞர் கிராமம்’ எனப் பெயர்பெற்ற இதனை அடியொற்றி, மொடேனாவின் பிற பகுதிகளிலும் அயலூர்களிலும் இத்தகைய இடங்கள் தோன்றின.

இதன் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நகரம் விரியும்போது அதன் ஓரத்து நிலத்தின் விலை ஏறுகின்றது. தெருவும் நீரும் பொதுப்பணத்தில் வருகின்றன. ஏறிய விலையோ நிலத்தரகனின் பைக்குள் போகின்றது. சிறு தொழிலாளியின் கழுத்தை முதலில் நெரிப்பது இயந்திரத்தின் விலையன்று, இடத்தின் விலையே. மொடேனா நகரசபை இந்த முடிச்சையே அவிழ்த்தது. பொதுப்பணத்தால் விளைந்த மதிப்பைப் பொதுநலத்துக்கே திருப்பியது. 1971ஆம் ஆண்டின் 865ஆம் இலக்கச் சட்டம், இத்தகைய தொழிலிடங்களுக்காக நிலத்தைப் பொது நோக்கில் எடுத்து, அதன் ஒரு பகுதியை நீண்டகாலக் குத்தகையாகத் தொழில் செய்வோருக்கு வழங்கும் அதிகாரத்தை இத்தாலியின் நகரசபைகள் யாவற்றுக்கும் அளித்தது.

நிலம் கிடைத்தாற் போதுமா? போதாது. வங்கி பிணை கேட்கும். கைத்திறனையன்றி வேறு பிணை இல்லாதவன் யாது செய்வான்? இதற்கு விடையாக எழுந்தவை பிணைக் கூட்டுறவுச் சங்கங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறு பங்கு செலுத்துவர். ஒருவர் கடன் கேட்கும்போது சங்கமே வங்கிக்குப் பிணை நிற்கும். கேட்பவர் நாணயமானவரா, வேலை தெரிந்தவரா என்பதைத் தீர்மானிப்போர் அவரது தொழிலையே செய்யும் அயலவர்கள். நகரசபைகளும், 1970இல் பிரதேச ஆட்சிகள் அமைந்தபின் அவையும், இச்சங்கங்களின் நிதிக்குப் பங்களித்தன. தேசியக் கைவினைஞர் கூட்டமைப்பு என்னும் அமைப்பு, உறுப்பினரின் கணக்கெழுதுதல், வரிப்பத்திரம் நிரப்புதல், சம்பளப்பட்டியல் தயாரித்தல் ஆகிய வேலைகளைப் பொதுவில் ஏற்றது. பகலெல்லாம் இரும்போடு போராடியவன் இரவெல்லாம் கடுதாசியோடு போராட வேண்டிய நிலை நீங்கிற்று.

மூன்றாவது தேவை அறிவு. பொலோஞா நகரசபை நடத்திய அல்தீனி-வலெரியானி தொழில்நுட்பக் கல்லூரியை ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக நினைவுகூரல் வேண்டும். கல்வானியின் மருகரான பௌதிக அறிஞர் ஜொவானி அல்தீனியும், பொருளியல் அறிஞர் லூயிஜி வலெரியானியும் கைவினைஞரின் கல்விக்கென நகரத்துக்கு விட்டுச்சென்ற சொத்தினால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது அது. அங்கு பயின்றோர் பலரின் கைவண்ணத்தாலேயே பொலோஞாவின் பொதியிடும் இயந்திரத் தொழில் உலகப்புகழ் பெற்றது. கார்ப்பி என்னும் சிற்றூரிலோ, மரச்சீவலால் தொப்பி பின்னிய பெண்களின் பழந்தொழில் மங்கியபின் அதே விரல்கள் பின்னலாடைக்குத் திரும்பின. அவ்வூர்ச் சிறு நிறுவனங்களுக்குப் பிறநாட்டுச் சந்தையின் போக்கையும் புதிய தொழில்நுட்பத்தையும் அறியத் தருவதற்கென 1980இல் ‘சித்தேர்’ என்ற தகவல் நிலையம் அமைக்கப்பட்டது. பெரிய நிறுவனம் தன் பணத்தால் வாங்கும் அறிவைச் சிறியவர்கள் கூடிப் பெற்றனர்.

புதிதாக வருவோருக்கு இடம் தேடியதோடு, ஏற்கெனவே இருப்போரை வெளியேறாமற் காப்பதும் நகரத்தின் கடமையாயிற்று. பழைய நகர நடுவங்கள் அழகுபடுத்தப்படும்போது வாடகை ஏறி, அங்கு வாழ்ந்த தையற்காரரும் தச்சரும் துரத்தப்படுவது உலகெங்கும் நாம் காணும் காட்சி. பொலோஞாவில் மேயர் ரெனாத்தோ சங்கேரியின் காலத்தில், கட்டடக் கலைஞர் பியர் லூயிஜி செர்வெல்லாத்தி தலைமையில் வகுக்கப்பட்ட 1973ஆம் ஆண்டுத் திட்டம், பழைய வீடுகளைப் பொதுநிதியாற் புதுக்கி, அவற்றில் வாழ்ந்த உழைக்கும் மக்களையே மீண்டும் குடியிருத்த முயன்றது. வீட்டுரிமையாளரிடமிருந்து கட்டடங்களைப் பெறுவதென்ற முதலெண்ணம் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது உண்மை. வாடகையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளே இறுதியில் எஞ்சின. எனினும், கல்லை மாத்திரமன்றிக் கல்லுக்குள் வாழும் மனிதரையும் பாதுகாத்தல் வேண்டும் என்ற கொள்கை அங்கேதான் திட்டவடிவம் பெற்றது.

இனி, எமது வாசகர்களுட் பலர் உள்ளத்தில் எழக்கூடிய ஐயமொன்றை எதிர்கொள்வோம். சிறு உடைமையாளருக்கு உதவுதல் சோஷலிஸமாகுமா? பட்டறைக்காரன் நாளைய முதலாளி அல்லனா? இக்கேள்வி அந்நாட்டு இடதுசாரிகளிடையேயும் எழுந்ததே. 1946 செப்டம்பரில் ரெஜ்ஜோ எமிலியாவில் ஆற்றிய உரையில், நடுத்தர வகுப்பினரைப் பகைப்பதன்றி அவர்களோடு கூட்டுச் சேர்வதே தொழிலாளர் இயக்கத்தின் வழியென தொலியாத்தி வாதிட்டார். கைவிடப்பட்ட சிறுகடைக்காரனும் கைவினைஞனும் பாசிசத்தின் பின்னாற் போனதை அத்தலைமுறை கண்ணாற் கண்டிருந்தது. ஏட்டுவாதத்தினும் அவ்வனுபவமே இம்முடிவுக்குக் காரணமாயிற்று.

இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. சிறு பட்டறை என்பதனாலேயே அங்கு சுரண்டல் இல்லையென நினைப்பது பேதைமை. கார்ப்பியின் பின்னலாடை, வீட்டிலிருந்து வேலை செய்த பெண்களின் நீண்ட இரவுகளின்மேல் எழுந்தது. அத்தகைய வீட்டுத் தொழிலாளரைக் காக்கும் விரிவான சட்டம் வந்தது 1973இலேதான். 1970ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம், நியாயமின்றி நீக்கப்பட்டோர் மீண்டும் வேலை பெற வழிசெய்தது. ஆயின் பதினைந்து பேருக்கு மேற்படாத பட்டறைகளுக்கு அவ்விதி எட்டவில்லை. 1969இன் பெரும் வேலைநிறுத்தங்களைக் கண்டு அஞ்சிய பெருநிறுவனங்கள் வேலையைத் துண்டு துண்டாக்கிச் சிறு பட்டறைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் உலகச்சந்தை நெருக்கியபோது பல பட்டறைகள் மூடப்பட்டன; சில பெரிய குழுமங்களால் விழுங்கப்பட்டன. 1999இல் பொலோஞாவின் மேயர் பதவியே, 1945க்குப் பின் முதன்முறையாக, இடதுசாரிகளின் கையைவிட்டுப் போயிற்று. குறைகளை மூடிமறைத்து எழுதும் வரலாறு எவருக்கும் வழிகாட்டாது.

அங்ஙனமாயின் எஞ்சும் பாடம் யாது? நகரசபை வழங்கிய உதவியின் தன்மையிலேதான் அப்பாடம் உள்ளது. அது எந்தத் தனி முதலாளிக்கும் பணமுடிச்சைக் கொடுக்கவில்லை. ஒருவர் தனித்துப் பெறமுடியாத நிலம், பிணை, கணக்கு, கல்வி ஆகியவற்றைப் பலர் கூடிப் பெறுமாறு செய்தது. வரிவிலக்குப் பெற்று வந்த நிறுவனம் விலக்கு முடிந்ததும் வேறு நாட்டுக்குப் பறந்துவிடலாம். தன் வீட்டின் கீழேயே பட்டறை வைத்தவன், அயலவனின் கடனுக்குப் பிணை நின்றவன், தன் பிள்ளையை ஊர்த் தொழிற்கல்லூரிக்கு அனுப்பியவன் அவ்வாறு பறந்துவிட மாட்டான்.

எமது நாட்டை நோக்குவோம். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை 1970களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. போரில் அழிந்து, 2014இல் இந்திய நிதியுதவியுடன் மீண்டும் திறக்கப்பட்டது. 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது எத்தனை கைத்தறிகள் ஓய்ந்தன என்பதை நெசவூர்களின் முதியோர் அறிவர். நிலமும் கட்டடமும் மாத்திரம் தொழிலைக் காப்பதில்லை. அவற்றோடு கடனும் அறிவும் சந்தையும் சேர்தல் வேண்டும் என்பதையே இவை உணர்த்துகின்றன. எமது உள்ளூராட்சி மன்றங்களோ சந்தைக் கடைகளைக் கேள்விக்கு விட்டு, அதிகம் கேட்பவருக்குக் கொடுத்து, வருமானத்தைக் கணக்கிற் காட்டுவதோடு அமைதி கொள்கின்றன. அதிகம் கேட்கவல்லவன் யார்? ஊரிலே செருப்புத் தைப்பவனா, வெளியிலிருந்து பணத்தோடு வருபவனா?

அதிகாரம் இல்லை, மத்திய அரசு தருவதில்லை என்பது எமது மன்றங்களின் நிரந்தரப் பல்லவி. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பகையான மத்திய அரசின் கண்காணிப்பில், துப்பாக்கிச் சூட்டின் இரத்தம் உலர்ந்து மூன்றே ஆண்டுகளில், ஒரு சிறு நகரசபை விவசாய நிலத்தை வாங்கித் தெருவமைத்தது. எமது மன்றத்தில் அடுத்தமுறை கடைகள் கேள்விக்கு விடப்படும்போது, உள்ளூர்க் கைவினைஞருக்கென எத்தனை கடைகள் ஒதுக்கப்பட்டன, அவர்களது கடனுக்குப் பிணை நிற்க எந்தக் கூட்டுறவுச் சங்கம் உண்டு, அவர்களிடம் வேலை பழகும் இளைஞருக்கு என்ன கூலி என்ற மூன்று கேள்விகளையும் ஆசிரியரும் மாணவரும் எழுந்து கேட்பாராயின், மொடேனாவின் பாடம் இங்கும் பயன்படத் தொடங்கிவிட்டதெனலாம்.