ஒரு காணி, ஒரு பின்னுரித்தாளர்: இலங்கையின் உலர் வலயக் குடியேற்றங்களும் அவற்றின் இரண்டாம் தலைமுறையும்

20ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசு காணியற்ற உழவர்களுக்குக் காணி வழங்கிய வரலாறு, குளங்களையும் அணைகளையும் மீளக் கட்டிய சாதனையின் வரலாறாகவோ, அந்தக் காணிகள் எந்த இனத்தவருக்குச் சென்றன என்ற பிணக்கின் வரலாறாகவோதான் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரு வரலாறுகளும் தேவையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் காணி பெற்ற குடியேற்றவாசியின் பிள்ளைகள் உழவுத்தொழிலுக்கு வந்தபோது அவர்களுக்கு நிலம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. விடை, காணி வழங்கிய சட்டத்தின் பின்பகுதியில் எவரும் அதிகம் புரட்டாத உரித்துப் பிரிவுகளில் இருக்கிறது.

அரசு தலையிடுவதற்கு முன்னர் நிலம் தலைமுறை மாறிய முறை, பகுதிக்குப் பகுதி வேறுபட்டது. யாழ்ப்பாணத்தில் அதைத் தேசவழமை என்னும் மரபுச் சட்டம் நெறிப்படுத்தியது. ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக, அதாவது பகுதி நிர்வாகியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இதனை 1707இல் எழுத்தில் தொகுத்து ஒப்படைத்தார். பெற்றோர் வழிவந்த முதுசம், மகளின் திருமணத்தின்போது எழுதிக்கொடுக்கப்படும் சீதனம், கணவனும் மனைவியும் இல்வாழ்வில் சேர்த்த தேடிய தேட்டம் என உடைமையை வகைப்படுத்திய அச்சட்டம், ஒரு பங்காளி தன் காணியை விற்க முற்பட்டால் அதை முதலில் வாங்கும் உரிமையைப் பங்குடையோருக்கும் உரித்துடையோருக்கும் கொடுத்தது. இந்த உரிமை 1947இல் தனிக் கட்டளைச் சட்டமாகவும் வரையறுக்கப்பட்டது. இதன் விளைவாகக் காணி எத்தனை துண்டாக உடைந்தாலும் உறவு வட்டத்தை விட்டு எளிதில் வெளியேறவில்லை. வட்டத்துக்கு வெளியே இருந்த இளம் உழவனால், குறிப்பாகத் தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டங்களில் வேலை செய்துவந்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்தைச் சேர்ந்தவனால், குத்தகைக்கோ வாரத்துக்கோதான் மண்ணைத் தொட முடிந்தது. கையில் சிறிது பணம் சேர்ந்திருந்தால் ஒற்றிக்கு, அதாவது கொடுத்த கடனுக்கு வட்டியாக அந்தக் காணியின் விளைச்சலையே எடுத்துக்கொள்ளும் ஈட்டு முறைக்கு, அவன் முயலலாம். ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு என்று கணக்கிடும் குடாநாட்டில் இரண்டு மூன்று பரப்பையும் ஒரு கிணற்றில் பங்கையும் கொண்டு புகையிலையும் வெங்காயமும் செய்து பிழைத்த குடும்பங்கள் பல.

சிங்கள ஊர்களில் இதே நெருக்கடிக்கு வேறொரு தீர்வு காணப்பட்டது. தட்டுமாறு எனப்படும் அந்த வழக்கத்தில், துண்டாட முடியாத அளவு சிறிய வயலை உடன்பிறந்தோர் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முறை என மாறிமாறிப் பயிரிட்டனர். தலைமுறைகள் கூடக்கூட ஒருவனுக்கு முறை திரும்பி வருவதற்குப் பல ஆண்டுகள் ஆனதும் உண்டு. நிலத்தைப் பங்கிட இயலாதபோது காலத்தைப் பங்கிட்ட இந்த ஏற்பாட்டைப் பிற்கால நிர்வாகிகள் பின்தங்கிய வழக்கமாகவே பார்த்தனர். ஆனால் எந்த உரித்தாளரையும் முற்றாக வெளியே தள்ளாத ஒரு நேர்மை அதில் இருந்தது.

மக்கள் நெருங்கிய இடங்களில் நிலம் இவ்வாறு உடைந்துகொண்டிருக்க, வன்னியிலும் கிழக்கிலும் வடமத்திய பகுதியிலும் பெருநிலம் காடாகக் கிடந்தது. உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாகக் கருதிய 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதனை மேலும் இறுக்கிய 1897ஆம் ஆண்டுத் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும் அந்நிலத்தை அரசின் கையில் குவித்திருந்தன. பழைய குளங்கள் உடைந்து கிடந்ததும் மலேரியாவும் குடியேற்றத்தைத் தடுத்தன. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக்குளம் கட்டப்பட்ட பின்னரும் கிளிநொச்சிக்கு ஆட்கள் விரைந்து வரவில்லை. குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் குடியேற்றமாக அவ்வூர் 1936இல்தான் உருப்பெற்றது. 1940களின் நடுப்பகுதியில் டிடிடி தெளிப்பு நுளம்பைக் கட்டுப்படுத்திய பிறகே உலர் வலயம் உண்மையில் திறந்தது எனலாம்.

இந்தக் குடியேற்றங்களுக்கெல்லாம் சட்ட அடித்தளமாக அமைந்தது, 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலிருந்து பிறந்து, விவசாய, காணி அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்காவின் முயற்சியால் நிறைவேறிய, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். உழவனுக்கு முழு உரிமையோடு காணி கொடுத்தால் அவன் கடனுக்கு அதை இழப்பான் அல்லது பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்து அழிப்பான் என்ற இரட்டை அச்சத்தின் மீது அச்சட்டம் எழுப்பப்பட்டது. முதலில் உத்தரவுப் பத்திரம், மக்கள் வாயில் பெர்மிட், வழங்கப்படும்; காடு வெட்டி, வீடமைத்து, நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைக்கும்; இரண்டிலும் அரசின் இசைவின்றிக் காணியைக் கைமாற்ற இயலாது. தனியார் உரிமையுள்ள உறுதிக் காணி, அரசிடம் பெற்ற பெர்மிட் காணி என்று இன்றும் வன்னியில் வழங்கும் பாகுபாடு இங்குதான் தொடங்குகிறது.

பெர்மிட் யாருக்கு என்பதை முடிவு செய்த காணிக் கச்சேரி என்பது, காணி கோரி விண்ணப்பித்தோரை அரச அதிகாரி பொதுவில் அழைத்து விசாரித்துப் பயனாளிகளைத் தெரிவு செய்யும் கூட்டம். அங்கே காணியற்றவராக இருத்தலும் விவசாய அனுபவமும் பார்க்கப்பட்டதோடு, மணமானவருக்கும் பிள்ளைகள் அதிகமுள்ளவருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. தேவையின் அடிப்படையில் இதைவிட நியாயமான அளவுகோலைக் கண்டுபிடிப்பது கடினம். ஆயினும் மணமாகாத இளைஞன் வரிசையின் கடைசியில் நின்றான் என்பது ஒருபுறமிருக்க, இவ்வளவுகோலால் தெரிவாகி வந்தவை பிள்ளைகள் மிகுந்த குடும்பங்களாகவே இருந்தன; அதே கட்டளைச் சட்டத்தின் இன்னொரு பகுதியோ, பத்திரத்தில் குறிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே காணியைப் பிரிக்கக் கூடாது என்றும், உரிமையாளர் பின்னுரித்தாளர் எனப்படும் அடுத்த உரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும், அவ்வாறு செய்யாமல் இறந்தால் மூன்றாம் அட்டவணையின் வரிசைப்படி உரித்து இறங்கும் என்றும் விதித்தது. அவ்வட்டவணையில் மகன்மார் மகள்மாருக்கு முன்னும், ஒரே படியில் உள்ளோருள் மூத்தவர் இளையவருக்கு முன்னும் நின்றனர். மனைவிக்கு, பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாதவிடத்து, அவள் உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் சீவிய உரிமை மட்டுமே இருந்தது. மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. ஆக, பிள்ளைகள் அதிகம் என்பதற்காகவே காணி பெற்ற குடும்பத்தில், ஒரு பிள்ளையைத் தவிர ஏனையோர் காணியற்றவராக வேண்டும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சட்டத்தை வரைந்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர். காடு முடிவதற்குள் அடுத்த குடியேற்றம் திறக்கும், மிஞ்சிய பிள்ளைகள் அங்கே போவார்கள் என்ற நம்பிக்கையே அவர்களை வழிநடத்தியது.

நம்பிக்கை பொய்த்தபோது குடியேற்றவாசிகள் தம் வழியில் தீர்வு கண்டனர். பத்திரம் தகப்பன் பெயரில் கிடக்க, வயலுக்குள் புது வரம்புகள் எழுந்து சகோதரர்கள் ஆளுக்கொரு துண்டு விதைத்தனர். மேட்டுக்காணியில் ஒரு வீடு மூன்றானது. இடம் போதாதவர்கள் வாய்க்கால் ஒதுக்கிலும் குளத்தின் மேற்புறத்திலும் காட்டோரத்திலும் வெட்டி இருந்து, அரச பதிவுகளில் அத்துமீறியோர் ஆயினர். பதிவில்லாத இத்துண்டுகளைக் காட்டி வங்கியில் கடன் பெற இயலாது. விற்கத் தடை இருந்த காணி, எழுத்தில்லாக் குத்தகையாகவும் ஒற்றியாகவும் முதலாளிகளிடம் போனது. துண்டாடலையும் கடனையும் தடுக்க வந்த சட்டத்தால் அவை இரண்டையும் மறைவாக்க மட்டுமே முடிந்தது.

அரசு பகிரக்கூடிய நிலமும் இதற்கிடையில் சுருங்கியது. தொடக்கக் காலப் பெருங்குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் வழங்கப்பட்டது. 1977க்குப் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தில் அது இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேடுமாக இறங்கியிருந்தது.

வரிசையில் நிற்கவே இடமளிக்கப்படாதவர்களும் இருந்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையரைக் கருதியே இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டபோது, காணி கோரும் தகுதியும் அவர்களுக்கு இல்லாது போயிற்று. வன்முறைகளுக்குத் தப்பி, குறிப்பாக 1977க்குப் பின், வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் பல, பிறருடைய பெர்மிட் காணிகளில் கூலிகளாகவும் காவற்காரராகவும் அமர்ந்து, தாம் துப்புரவாக்கிய மண்ணுக்கு நெடுங்காலம் பத்திரமின்றி இருந்தன. காணி யாருக்கு முதலில் என்ற இதே கேள்விதான் 1957இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கையிலும், 1965இல் டட்லி - செல்வநாயகம் உடன்படிக்கையிலும் பேசப்பட்டது. பின்னதில், வடக்குக் கிழக்கில் காணி வழங்கும்போது அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோர் முதலிடம் பெறுவர் என ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டு உடன்படிக்கைகளும் நிறைவேற்றப்படவில்லை.

குடும்பத் தலைவரை அல்லாமல் இளைஞரையே நோக்கி அரசு எடுத்த முயற்சி ஒன்றுண்டு. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய இளைஞர் குடியேற்றத் திட்டங்கள், பள்ளிப் படிப்பை முடித்து வேலையின்றி இருந்தோருக்கு, நெல்வயலுக்குப் பதிலாகச் சந்தைப் பயிர் செய்யத் தக்க சிறு மேட்டுக்காணிகளை வழங்கின. வடக்கில் விசுவமடுவும் முத்தையன்கட்டும் இவ்வகையில் பெயர் பெற்றவை. குளத்து நீரைப் பம்பியால் மேலேற்றிப் பாய்ச்சும் ஏற்று நீர்ப்பாசனத்தின் துணையுடன் மிளகாயும் வெங்காயமும் அங்கே பயிராகின. 1970இல் பதவியேற்ற அரசு வெளிநாட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை ஏறி, வடக்கின் இளம் விவசாயிகள் அரச உத்தியோகத்தரும் பொறாமைப்படும் அளவுக்குச் சம்பாதித்த சில ஆண்டுகள் வந்தன. படித்த பிள்ளை தோட்டத்துக்குத் திரும்புவதைக் கௌரவக் குறைவாக எண்ணிய சமூகத்தில் இது சிறிய மாற்றமன்று. நிலம் மட்டும் அல்லாமல் நீரும் விலையும் சேர்ந்து கிடைத்ததே இவ்வெற்றிக்குக் காரணம் என்பதை, 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை சரிந்தபோது நேர்ந்த வீழ்ச்சி காட்டியது.

தெற்கில் 1971 ஏப்ரலில் நிகழ்ந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பின், தனியார் காணிக்கு 50 ஏக்கரும் வயலுக்கு 25 ஏக்கரும் உச்சவரம்பாக விதித்த 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஆனால் கையகப்படுத்தப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி அரச நிறுவனங்களிடமே தங்கியது.

1983க்குப் பின் மூண்ட போர், வன்னிக் குடியேற்றங்களில் காணி உரித்தின் கணக்கையே குலைத்தது. 2009 வரை திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த மக்கள் பத்திரங்களை இழந்தனர்; பத்திரதாரர் இறந்தும் காணாமற்போயும் இருக்க, பெயர் குறித்த மகனும் இல்லாத வீடுகளில், பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள் பிரதேச செயலகங்களில் மூன்றாம் அட்டவணையை எதிர்கொள்ள நேர்ந்தது. ஆண் வழிக்கு முன்னுரிமை தந்த அந்த வரிசையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கி, மகனையும் மகளையும் பிள்ளை என்ற ஒரே படியில் வைத்தது. 2024இல் 'உறுமய' என்ற பெயரில், பெர்மிட் காணிகளையும் அளிப்புக் காணிகளையும் முழு உரிமையுள்ள உறுதிக் காணிகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. முழு உரிமை, வரம்பு கட்டி மறைவாகப் பிரித்துக்கொண்ட சகோதரர்களுக்குத் தத்தம் துண்டைப் பதிவு செய்துகொள்ளவும் ஈடு வைக்கவும் வழி திறக்கும். 1935இல் அஞ்சப்பட்ட விற்பனைக்கும் அதே வழி திறக்கும் என்பதால், அந்த அச்சத்தை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. விலைக்கு வரும் காணியை வாங்கும் பணம், தகப்பனின் வயலில் கால் ஏக்கர் விதைத்துக்கொண்டிருக்கும் இளைய மகனிடம் இல்லை. அவனுக்குக் கடன் தரும் ஏற்பாடு எதுவும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கவில்லை.